மெஷினில் தண்ணீர் வடியவில்லையா? போர்டைக் கழற்றும் முன் கீழே குனிந்து பாருங்கள்

வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால், வாஷிங் மெஷின் ஒரு நாள் நின்றாலும் வீட்டு வேலை மொத்தமும் நின்றுவிடும். போன வருடம் ஐப்பசி மழையில், அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்த சமயத்தில், எங்கள் மெஷின் டிரம்முக்குள் தண்ணீரோடு அப்படியே நின்றுபோனது. கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபாய் போயிற்று. பணத்தைவிட அந்த நாட்களில் அம்மாவும் நானும் பட்ட அவஸ்தைதான் இன்னும் மனதில் நிற்கிறது. கோளாறோ, ஒரு மூடியைத் திறந்து கையை விட்டால் எடுத்துவிடக்கூடிய இடத்தில் இருந்தது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஒரு காலை நேர வேலையோடு முடிந்திருக்கும். நோயாளியை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளிக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மேடவாக்கத்தில், ஒரு சின்ன அப்பார்ட்மென்ட்டில். கணவருக்கு ஓசூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் நான், பள்ளிக்குப் போகும் மகன், அம்மா. மெஷின் ஏழு கிலோ ஃப்ரண்ட் லோட். வாரண்டி முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு இரவில் டயப்பர், படுக்கைக்கு மேல் அண்டர்பேட் (ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற விரிப்பு), அதற்கு மேல் பழைய காட்டன் புடவையை மடித்துப் போட்டிருப்போம். இவ்வளவு இருந்தும் தினமும் பெட்ஷீட்டும் நைட்டியும் துவைக்க வேண்டியிருக்கும். சிறுநீர் பட்ட துணியை வெந்நீரில் துவைப்பது நல்லது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அறுபது டிகிரியில் போடுவேன். வெளியே மழை விட்டபாடில்லை. கொடியில் போட்ட துணி அப்படியே ஈரமாகத்தான் இருக்கும். மெஷின் நன்றாகப் பிழிந்து கொடுத்தால்தான் ஃபேனுக்கு அடியில் போட்டாவது காயவைக்க முடியும் என்ற நிலை.

அன்றைக்கு ராத்திரி அம்மாவைத் தூங்க வைத்துவிட்டு வந்து பார்த்தால், துவைத்து முடித்திருக்க வேண்டிய மெஷின் பாதியில் நிற்கிறது. டிஸ்ப்ளேயில் நிமிடத்துக்குப் பதில் ஏதோ இரண்டு எழுத்து மின்னுகிறது. கண்ணாடிக் கதவில் பாதி உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர், அதில் பெட்ஷீட் மிதக்கிறது. கதவு திறக்கவில்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், ஸ்பின் மட்டும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மெஷினின் வலது பக்கம் கீழேயிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் வரும், கொஞ்ச நேரம் கழித்து நின்றுவிடும், மறுபடி அதே எழுத்து. தண்ணீர் மட்டம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. மாற்றுவதற்கு இன்னும் ஒரே ஒரு பெட்ஷீட்தான் அலமாரியில் இருந்தது. விடிவதற்குள் அதுவும் தேவைப்படும் என்று தெரியும். அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கட்டத்திலேயே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அன்று இவை தெரியாது. அந்த எழுத்து கெட்ட சகுனமெல்லாம் கிடையாது. 'குறிப்பிட்ட நேரத்துக்குள் தண்ணீர் வெளியேறவில்லை' என்று மெஷின் சொல்கிறது, அவ்வளவுதான். எல்ஜியில் ஓ-ஈ என்று வரும், சாம்சங்கில் 5-சி அல்லது 5-ஈ, போஷில் ஈ-18. உங்கள் மெஷினுக்கு என்ன என்பது மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். கதவு திறக்காததும் கோளாறு இல்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்போது திறந்தால் வீடு முழுக்க வெள்ளமாகிவிடும் என்பதற்காகத்தான் பூட்டிக்கொள்கிறது. அதை இழுத்துப் பிடுங்கிக் கைப்பிடியை உடைத்துவிட்டால் அது தனிச் செலவு. அப்புறம், திரும்பத் திரும்ப ஸ்பின் போடாதீர்கள். தண்ணீரைத் தள்ளும் சின்ன பம்ப் ஒன்று அடியில் இருக்கிறது. அது சிக்கிக்கொண்டு சுற்ற முடியாமல் உறுமும்போது மேலும் மேலும் கரண்ட் கொடுத்தால் சூடாகி, நன்றாக இருந்த பம்ப்பும் எரிந்துவிடலாம். முதல் வேலையாக சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். வெந்நீர் வாஷ் என்றால் தண்ணீர் நன்றாக ஆறும்வரை எதையும் திறக்கக் கூடாது. அறுபது டிகிரித் தண்ணீர் காலில் கொட்டினால் தோல் உரிந்துவிடும்.

மறுநாள் காலையில் மெஷின் கம்பெனி பேரைப் போட்டு, கூடவே 'சர்வீஸ் சென்டர் மேடவாக்கம்' என்று இணையத்தில் தேடினேன். மேலே வந்த எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்த பெண் கம்பெனி பேரைச் சொல்லித்தான் பேசினார். மத்தியானம் ஓர் ஆள் வந்தார். விசிட் சார்ஜ் 450 ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மெஷினை ஆன் செய்து டிஸ்ப்ளேயைப் பார்த்தார், ஒரு பட்டனை இரண்டு மூன்று தடவை அழுத்தினார், மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். "மேடம், போர்டு போயிடுச்சு. இந்த ஏரியா வோல்டேஜுக்கு எல்லா வீட்லயும் இதுதான் பிரச்சினை" என்றார். மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகையைத்தான் போர்டு என்கிறார்கள். புது போர்டு ஒன்பதாயிரத்துக்கு மேல், கழற்றிக்கொண்டு போய் ரிப்பேர் செய்தால் 3,800 என்றார். ரிப்பேருக்கு ஒத்துக்கொண்டேன். 1,500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு போர்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போய்விட்டார். உள்ளே இருந்த தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்கு, போர்டு வந்ததும் தானாக வடிந்துவிடும் என்று பதில். அவர் இருந்த நேரம் முழுக்க மெஷினின் அடிப்பக்கம் ஒரு தடவைகூடக் குனியவில்லை.

இப்போது யோசித்தால் ஒரே ஒரு கேள்வி போதும், அவர் சொன்னது நிற்காது. போர்டுதான் பம்ப்புக்குக் கரண்ட் அனுப்புகிறது. வடிக்கும் நேரத்தில் பம்ப் உறுமுகிறது என்றால் கரண்ட் அங்கே போய்ச் சேருகிறது என்றுதானே அர்த்தம்? உறுமல் இருந்து தண்ணீர் போகவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடைப்பை. ஃபில்டரில் இருக்கலாம், பம்ப்பின் விசிறியில் ஏதாவது சிக்கியிருக்கலாம், வெளியே போகும் ஹோஸ் மடங்கியோ அடைத்தோ இருக்கலாம். சுத்தமாகச் சத்தமே இல்லை என்றால்தான் பம்ப்பின் 'காயில்' (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்), ஒயர், போர்டு என்ற பேச்சே வரும். ஆகவே யாரைக் கூப்பிட்டாலும், அவர் வருவதற்கு முன் ஒரு தடவை 'டிரெயின்' அல்லது 'ஸ்பின்' போட்டுக் காதை அந்தப் பக்கம் வைத்துக் கேளுங்கள். முடிந்தால் போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் போர்டு என்று சொன்னால், "பம்ப் சத்தம் வருதே, ஃபில்டரைத் திறந்து பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். உண்மையான மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

போர்டு திரும்பி வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. உள்ளே ஊறிக்கொண்டிருந்த தண்ணீர் நாறத் தொடங்கியது. பால்கனியில் மெஷின் இருக்கும் பக்கமே போக முடியவில்லை. பெட்ஷீட்டைக் கையால் துவைத்தேன். இரட்டைக் கட்டில் பெட்ஷீட் நனைந்தால் என்ன கனம் இருக்கும் என்பது தனியாகப் பிழிந்தவர்களுக்குத்தான் தெரியும். மணிக்கட்டு வீங்கிவிட்டது. மெயின் ரோட்டில் கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடை ஒன்று உண்டு. சிறுநீர்த் துணி என்று சொன்னதும் முதலில் மறுத்தார்கள், பிறகு நான் அலசிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அதற்கே 2,300 ரூபாய் ஆனது. இதிலெல்லாம் என்னைக் கலங்க வைத்தது அம்மாதான். துணி சேருகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். மாத்திரைக்குக் கொடுக்கும் டம்ளர் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைத்தார். ஏன் என்று கேட்டால், "உனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னுதாம்மா" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அவரைக் கெஞ்சித் தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு, அந்த ஆளுக்குத் திரும்பவும் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஒருவழியாகப் போர்டு வந்தது. மாட்டினார், மீதி 2,300 ரூபாயை வாங்கினார், ஆன் செய்தார். அதே உறுமல், அதே எழுத்து. கொஞ்சமும் தயங்காமல், "அப்போ மோட்டாரும் போயிருக்கு மேடம், அது தனியா நாலாயிரம் ஆகும்" என்றார். அந்த நிமிடம்தான் எனக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. வேண்டாம், போங்கள் என்று சொல்லிவிட்டேன். போர்டில் என்ன ரிப்பேர் செய்தார்கள் என்று எழுதிய ரசீது கேட்டேன். வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர் அனுப்பவே இல்லை.

அன்று மாலை பீரோவில் நிலப் பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் வைத்திருக்கும் ஃபைலுக்குள் மெஷினின் மேனுவல் கிடைத்தது. அதில் ஒரு பக்கம் முழுக்கப் படமாகவே இருந்தது. மெஷினின் முன்பக்கம், வலது கீழ் மூலையில் சின்னச் சதுர மூடி. இத்தனை வருடமும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், திறக்கக்கூடியது என்றே தோன்றியதில்லை. அதற்குள்தான் டிரெயின் ஃபில்டர் இருக்கிறது. டிரம்மிலிருந்து வரும் தண்ணீர் இதைத் தாண்டித்தான் பம்ப்புக்குப் போகும். காசு, ஊக்கு, பட்டன் எல்லாம் பம்ப்பில் போய் அடிக்காமல் இருக்க இங்கே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த வேலையை எப்படிச் செய்தேன் என்பதை நிதானமாகச் சொல்கிறேன், இதுதான் முக்கியமான பகுதி. பிளக்கைப் பிடுங்கினேன், தண்ணீர்க் குழாயையும் மூடினேன். பழைய துண்டுகளைச் சுருட்டி மெஷினின் முன்னால் அணை போல வைத்தேன். மூடி தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் இருக்கும், அதற்கடியில் பக்கெட்டோ மக்கோ நுழையாது. கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் தாம்பாளம் கச்சிதமாக நுழைந்தது. மூடியைத் திறந்தால் பெரிய வட்டமான திருகு ஒன்று, அதன் பக்கத்தில் விரல் தடிமனுக்கு ஒரு சின்ன ரப்பர் டியூப், நுனியில் அடைப்பான். முதலில் அந்த டியூபைத்தான் வெளியே இழுக்க வேண்டும். அடைப்பானை எடுத்ததும் தண்ணீர் மெல்ல வரும், தாம்பாளம் நிறைந்ததும் அடைப்பானை மாட்டிவிட்டுக் கொட்டிவிட்டு வரலாம். எனக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அடைப்பு அவ்வளவு இறுக்கம். சில மெஷின்களில் இந்த டியூப் இருக்காது. அப்போது பெரிய திருகையே கால் சுற்று மட்டும் இடப்பக்கமாகத் திருகித் தண்ணீரைக் கசியவிட்டு, தட்டு நிறைந்ததும் மூடிவிட்டு, மறுபடி திறக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முழுசாகத் திருகிவிட்டால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஒரேயடியாக முகத்தை நோக்கி வரும். பொறுமைதான் இங்கே எல்லாம். எனக்கு அது ஒன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. இத்தனை நாள் அசையாமல் இருந்த தண்ணீர் மட்டம் கண்ணாடியில் இறங்குவதைப் பார்த்ததே பெரிய நிம்மதியாக இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு திருகை முழுவதும் எடுத்தேன். அதோடு சேர்ந்து சல்லடை மாதிரி ஒரு பகுதி வெளியே வந்தது, வரும்போதே கொழகொழவென்று ஒன்று வழிந்தது. ஊறிய ஜவ்வரிசியைப் பிசைந்து வைத்தது போல நிறமில்லாத, வழுக்குகிற சின்னச் சின்ன உருண்டைகள். கைப்பிடி கைப்பிடியாக எடுத்தேன். அதற்கு நடுவில் அம்மாவின் வெள்ளை முடி, புடவை நூல், ஒரு ஊக்கு, ஒற்றை ரூபாய்க் காசு, வெள்ளை நார்த் துணித் துண்டு. அந்தத் துண்டைப் பார்த்ததும்தான் விஷயம் விளங்கியது. அண்டர்பேடின் ஒரு பகுதி கிழிந்து பெட்ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு மெஷினுக்குள் போயிருக்கிறது. டயப்பர், அண்டர்பேட், சானிட்டரி நாப்கின் பலவற்றிலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள ஒரு பொடி போடுகிறார்கள். சோடியம் பாலிஅக்ரிலேட் என்பது அதன் பெயர். சுத்தமான தண்ணீரில் தன் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் உறிஞ்சி ஜெல்லாக உப்பிவிடும். ஒரு கைப்பிடிப் பொடி போதும், ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொள்ளும்.

வயதானவர்களோ குழந்தைகளோ உள்ள வீடுகளில் இது எப்போது வேண்டுமானாலும் நடக்கும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். துணியோடு டயப்பரோ அண்டர்பேடோ துவைபட்டுவிட்டது என்று தெரிந்தால், சரி, இன்னொரு தடவை அலசிவிட்டால் போய்விடும் என்று ரின்ஸ் போடத்தான் கை போகும். போடாதீர்கள். ஜெல் மொத்தமும் பம்ப்பை நோக்கித்தான் போகும். துணியை வெளியே எடுத்து நன்றாக உதறுங்கள். காய்ந்தால் ஜெல் சுருங்கிப் பொடியாக உதிரும், ஆனால் மழைக்காலத்தில் அதற்குக் காத்திருக்க முடியாது. அதற்குத்தான் உப்பு. உப்புத் தண்ணீரில் அந்த ஜெல்லால் உப்பி நிற்க முடியாது, பிடித்து வைத்திருக்கும் தண்ணீரை விட்டுவிட்டுச் சுருங்கிவிடும். ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பைக் கரைத்து பெட்ஷீட்டை ஊறவைத்து அலசினேன், ஒட்டியிருந்தது முக்கால்வாசி வந்துவிட்டது. இதை பக்கெட்டில் செய்யுங்கள். மெஷினுக்குள் உப்பைக் கொட்ட வேண்டாம், உள்ளே இருக்கும் இரும்புப் பாகங்களுக்கு உப்பு ஆகாது. டிரம்முக்குள் ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரின் மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்க்க மறக்காதீர்கள், எனக்கு அங்கேயே ஒரு கப் அளவு இருந்தது. எடுத்த ஜெல்லைக் குப்பையில்தான் போட வேண்டும், டாய்லெட்டிலோ சிங்க்கிலோ போட்டால் அடைப்பு அங்கே போய்விடும்.

ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் பின்னால் சின்ன விசிறி ஒன்று தெரியும். அதுதான் பம்ப்பின் விசிறி. பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, ஒரு குச்சியால் அதைத் தள்ளிப் பாருங்கள். வழவழவென்று சுற்றாது, உள்ளே காந்தம் இருப்பதால் தட்டித் தட்டித்தான் திரும்பும், அது இயல்புதான். எங்களுடையது அசையவே இல்லை. முடியும் நூலும் அதன் தண்டில் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தன. புருவம் திருத்தும் டுவீசரால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்தேன். கடைசி இழை வந்ததும் விசிறி அரைச் சுற்று திரும்பியது. ஃபில்டரைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். அதன்மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது, எங்கள் ஏரியா போர் தண்ணீரின் உப்பு. திரும்ப மாட்டும்போது கோணலாகப் போகாமல் நேராக வைத்து, இறுக்கமாகத் திருக வேண்டும். ரப்பர் வளையத்தில் முடியோ மண்ணோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் கசியும். துணி போடாமல், கொஞ்சம் தண்ணீர் மட்டும் ஏற விட்டு, ஸ்பின் போட்டுப் பார்த்தேன். ஹோஸ் ஒரு குலுங்கு குலுங்கி, தண்ணீர் பீறிட்டுக் கொட்டியது. "அம்மா, சரியாயிடுச்சு!" என்று பால்கனியிலிருந்தே கத்தினேன். பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு மகன் ஓடிவந்தான்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. கொட்டிய தண்ணீர் பால்கனித் தரையில் இருக்கும் ஜாலியில் இறங்காமல் ஹாலுக்குள் வர ஆரம்பித்தது. பழைய வாஷ்களில் தப்பிப்போன ஜெல்லும் நூலும் ஜாலிக்கு அடியில் இருக்கும் வளைவுக் குழாயில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இதற்கு அப்பார்ட்மென்ட்டுக்கு வழக்கமாக வரும் பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டேன், ஒரு ஸ்பிரிங் கம்பியை விட்டு இழுத்தார், 350 ரூபாய். "அக்கா, ஆசிட் மட்டும் ஊத்திடாதீங்க, பைப் ஜாயின்ட் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷினில் தண்ணீர் வடியாதபோது இந்த இடத்தையும் பார்த்துவிடுவது நல்லது. ஹோஸைக் குழாயிலிருந்து எடுத்து ஒரு பக்கெட்டில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கெட்டில் வேகமாகக் கொட்டினால் மெஷின் நன்றாக இருக்கிறது, குற்றம் சுவர்க் குழாயிலோ தரை ஜாலியிலோதான். பக்கெட்டிலும் வரவில்லை என்றால் ஹோஸ் மெஷினுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீடு துடைக்கும்போது மெஷினைப் பின்னுக்குத் தள்ளிவிட்டிருப்போம், அதிலேயே மடங்கியிருக்கும்.

எங்களுடையது ஃப்ரண்ட் லோட் என்பதால் அதைப் பற்றித்தான் எனக்கு நன்றாகத் தெரியும். டாப் லோடில் பல மாடல்களில் பம்ப்பே கிடையாது. அடியில் ஒரு வால்வு திறக்கும், தண்ணீர் தானாக இறங்கும். அதனால் அவற்றில் ஹோஸ் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும், உயரத் தூக்கி மாட்டினால் தண்ணீர் நின்றுவிடும். ஃப்ரண்ட் லோடில் நேர் எதிர், ஹோஸின் வளைவை 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டச் சொல்லித்தான் பெரும்பாலான மேனுவல்களில் இருக்கும். எந்த மெஷினாக இருந்தாலும் நுரை அதிகமானால் வடிவதில் சிக்கல் வரும், பம்ப்பால் நுரையைத் தள்ள முடியாது. கை வாஷ் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போடும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். நுரை அடங்கும்வரை சும்மா விட்டுவிட்டு அப்புறம் ஸ்பின் போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். நான் இணையத்தில் தேடிக் கூப்பிட்ட அந்த எண் கம்பெனியுடையதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது, கம்பெனியின் உண்மையான எண்ணுக்கு போன் செய்து கேட்டபோது அப்படி ஒரு புகாரே எங்களிடம் பதிவாகவில்லை என்றார்கள். அந்த உண்மையான எண் வேறெங்கும் இல்லை, மேனுவலின் பின்னட்டையிலும் மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கிறது. இணையத்தில் தேடி வரும் எண்ணை நம்பாதீர்கள். கம்பெனி வழியாகப் போனால் புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும், வரும் ஆளிடம் அந்த எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிவு செய்தேன், தமிழிலேயே பேசலாம். பணம் கொடுத்த யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருந்தது அங்கே உதவியாக இருந்தது. இதுவரை பணம் திரும்பவில்லை. ஒருவேளை போனில் பேசும்போதே ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, பத்து ரூபாய் கட்டிப் பதிவு செய்யுங்கள் என்று லிங்க் அனுப்பினாலோ அது வேறு வகை மோசடி, உடனே வைத்துவிடுங்கள். அதில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. யார் வந்தாலும் எந்த பார்ட்டையும் ரசீது இல்லாமல் வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள், மாற்றினால் பழையதை நம்மிடமே கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இப்போது அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். அண்டர்பேட் தேவைப்படுவது குறைந்துவிட்டது, ஆனாலும் பெட்ஷீட்டை மெஷினில் போடும் முன் பால்கனிக் கம்பியில் போட்டு இரண்டு பக்கமும் உதறிவிட்டுத்தான் போடுகிறேன். சின்னத் துணிகளுக்கு ஜிப் வைத்த வலைப்பை வாங்கியிருக்கிறேன், கைக்குட்டையும் சாக்ஸும் ரப்பர் மடிப்புக்குள் நழுவாமல் இருக்க. மாதம் பிறந்ததும் ஃபில்டரைத் திறந்து கழுவுகிறேன். எப்போதும் ஏதாவது கிடைக்கிறது, பெரும்பாலும் முடிதான்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் தண்ணீர் வடியவில்லை என்றால் பம்ப்பே போயிருக்கலாம். அப்போதும் பயப்பட வேண்டாம், டிரெயின் பம்ப் என்பது டிரம்மைச் சுற்றும் பெரிய மோட்டார் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற தனி பார்ட், பெரிய மோட்டாரின் விலையில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். வந்தவர் பொத்தாம்பொதுவாக 'மோட்டார்' என்று சொன்னால் எந்த மோட்டார் என்று கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின் பம்ப்பின் ஒயரைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை அதன் இரண்டு முனைகளில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மீட்டரில் ஓம் கணக்கு ஏதாவது காட்டினால் காயில் அறுபடவில்லை, மறுபடி அடைப்பையும் விசிறியையும்தான் பார்க்க வேண்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் பம்ப்பை மாற்றச் சொல்லிவிடலாம். மீட்டரே கொண்டுவராமல் வந்தவரிடம் எந்த பார்ட்டையும் கழற்றக் கொடுக்காதீர்கள், விசிட் சார்ஜை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.